காட்சி எண் பிறந்த கதை

மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சிக் கடலோரத்தில் கத்தோலிக்க மக்கள் ஆடும் கூத்து சவிட்டு நாடகம். மரப்பலகை மேடை அதிரும்படி மிதித்து ஆடுவார்கள். புகழ்பெற்ற 'காறல்மான் சரிதம்' பிராங்கியப் பேரரசன் சார்லிமேனின் கதை. அதை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் என்பது மரபு. பாட்டுகளில் பெரும்பகுதி தமிழ்தான். கையில் சுவடியோடு நிற்கும் ஆசான்தான் ஆட்டத்தை நடத்துகிறவர். அரசன் எப்போது வர வேண்டும், போர் எந்தப் பாட்டோடு தொடங்க வேண்டும் என்பதெல்லாம் சுவடியின் வரிசையில் இருக்கிறது.

மின்விளக்கு வந்தபோது மேடைக்கு இந்த வரிசை இல்லாமல் போயிற்று. விளக்குப் பலகைக்குத் தெரிந்ததெல்லாம் விளக்குகள் மட்டுமே: ஒவ்வொன்றுக்கும் ஒரு நெம்புகோல். பிறகு நெம்புகோல்களை இரண்டு வரிசையாக வைத்தார்கள். ஒரு வரிசை மேடையில் எரியும்போதே இயக்குபவர் அடுத்த காட்சிக்கான அளவுகளை மற்றதில் அவசரமாக அமைப்பார். கதை அவர் மடியிலிருந்த காகிதத்தில் இருந்தது.

1975இல் நியூயார்க் பிராட்வேயில் 'எ கோரஸ் லைன்' நாடகத்துக்கு ஒளியமைத்த தாரன் மசர், அங்கே முதன்முதலாகக் கணினி நினைவகமுள்ள பலகையைக் கொண்டுவந்தார். ஒரு காட்சிக்குரிய எல்லா விளக்குகளின் அளவுகளும் ஒரே எண்ணுக்குள் அடங்கின. பொத்தானை அழுத்தினால் அடுத்த எண். காட்சி எண் இப்படித்தான் வேரூன்றியது. ஒத்திகையில் புதிதாக ஒரு காட்சி முளைத்தால் 14க்கும் 15க்கும் நடுவே 14.5 என்று செருகலாம். மற்ற எண்கள் கலைவதில்லை. எளிய ஏற்பாடுதான், ஆனால் எத்தனையோ ஒத்திகைகளைக் காப்பாற்றியிருக்கிறது. 1986இல் டிஎம்எக்ஸ்512 என்ற விளக்குக் கட்டுப்பாட்டு நெறிமுறை வந்து, ஒரே கேபிளில் 512 தடங்களை அனுப்ப வழிசெய்தது. 2006இல் வெளியான கியூலேப் போன்ற மென்பொருள்கள் ஒலியையும் படத்தையும் கூட அந்தப் பட்டியலுக்குள் சேர்த்தன.

இன்றைய மென்பொருளில் காட்சிகளைப் பட்டியலாகவும் அடுக்கலாம், பொத்தான் கட்டங்களாகவும் அடுக்கலாம். அடுத்த பாட்டு எதுவென்று முன்கூட்டித் தெரியாத இன்னிசைக் கச்சேரிக்குக் கட்டம் நல்லது. சுவடி உள்ள கூத்துக்குப் பட்டியல்தான் சரி.

சவிட்டு நாடகத்துக்கு விளக்கமைக்கப் போகிறவர்கள் நீலம், சிவப்பு என்று நிறவாரியாகக் காட்சிகளை அடுக்க வேண்டாம். முதலில் ஆசானிடம் சுவடியைக் கேளுங்கள். அதன் வரிசையிலேயே எண் போடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் அந்தப் பாட்டின் முதலடியையே பெயராக வையுங்கள்.