கடலின் நுண்ணுயிர்களைக் காட்டும் கேமராக்கள்

நாம் விரும்பி உண்ணும் மத்தி மீனுக்கு உணவு எது? கடல்நீரில் மிதந்து திரியும் பிளாங்டன் என்னும் மிதவை உயிரிகள்தாம். பூமியில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைச் செய்பவை இவற்றின் தாவர வகைகளே.

முன்பெல்லாம் மென்வலையால் இவற்றை அரித்தெடுத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். இன்று மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே நீரைச் செலுத்தினால், கேமரா ஒவ்வோர் உயிரியையும் படம் பிடிக்கிறது. கணினி வடிவம் பார்த்து வகை பிரிக்கிறது.

வானிலிருந்தும் பார்க்கிறார்கள். தாவர மிதவைகள் பெருகினால் கடலின் நிறம் மாறும். இதை அளக்க இஸ்ரோ 1999-ல் ஓசன்சாட்-1, 2009-ல் ஓசன்சாட்-2, 2022-ல் ஓசன்சாட்-3 ஆகிய செயற்கைக்கோள்களை ஏவியது. இத்தகைய தரவுகளோடு கடல் வெப்பநிலையையும் சேர்த்து, ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கும் இடங்களை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சமாகின்றன.

பிளாங்டன் அளவு மீறினால் ஆபத்தும் உண்டு. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது. பாம்பன் பகுதியில் மீன்கள் செத்து ஒதுங்கின. செயற்கைக்கோள் நிறத்தைக் காட்டும். மேகம் சூழ்ந்தால் அதுவும் தெரியாது. பெருகியது எந்த இனம் என்பதை உறுதி செய்ய, நீரை அள்ளிப் பார்த்தே ஆக வேண்டும்.

அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. உயிரியலில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், இத்துறையையும் எண்ணிப் பார்க்கலாம்.