பெரட்டும் அரிசியும்: கெடாத் தோட்டங்களில் உணவுதவியும் வேலை நிபந்தனையும்

அரசின் உணவுதவியைப் பெறும் வயதுவந்தோர் அதற்கு ஈடாக வேலை செய்தாக வேண்டுமா என்னும் வினா அமெரிக்காவில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சார்ந்து வாழும் பிள்ளைகள் இல்லாத, உடல்நலமுள்ள வயதுவந்தோர் மாதத்திற்கு 80 மணி நேரம் உழைக்காவிடில், மூன்றாண்டுக் காலத்தில் மூன்று மாதங்களுக்கு மட்டுமே உணவுதவி பெற இயலும். 2025ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கான வயது வரம்பை 64 வரை உயர்த்தியது. மலேசியத் தமிழருக்கு இஃது அயலார் செய்தியாகத் தோன்றலாம். ஆயின் கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் பால்மரக் காடுகளை நம்பி வாழ்ந்த நம் முன்னோர் அரிசிக்கும் வேலைக்கும் இடப்பட்ட முடிச்சை நன்கு அறிந்திருந்தனர். அம்முடிச்சு பசித்தவரின் தேவையை அளந்ததா, உணவளிப்போரின் ஆள் தேவையை அளந்ததா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இதன் வேரைக் காணச் சென்னை மாகாணத்திற்குச் செல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, நிவாரணம் வேண்டியோர் சாலை அமைத்தல், கால்வாய் வெட்டுதல், கல் உடைத்தல் போன்ற பணிகளுக்கு அனுப்பப்பட்டனர். உண்மையில் பசித்தவனே இத்தகைய கடும் வேலைக்கு வருவான் என்பது ஆட்சியாளர் கொண்ட எண்ணம். 1834ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஏழையர் சட்டத்திற்கும் இதுவே அடிப்படை. 1877இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள், வேலை செய்யும் ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (ஏறத்தாழ 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் போதுமென வரையறுத்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் இதனினும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ், ஒன்றரை ராத்தல் தானியமும் அதனோடு பருப்பு, காய்கறியும் இன்றி எவரும் கடும் உழைப்பைத் தாங்க இயலாது என வாதிட்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சென்னை அரசு ஒன்றேகால் ராத்தலும் சிறிது பருப்பும் என அளவை உயர்த்தியது. இவ்வழக்கின் உட்பொருள் நுட்பமானது. வேலை செய்ய இயலும் உடலே உணவு பெறும் தகுதி எனக் கொள்ளப்பட்டது. அவ்வுடலைக் காக்கப் போதாத அளவே உணவாக வழங்கப்பட்டது. மெலிந்தவன் வேலையை விட்டான். வேலையை விட்டவன் அந்தக் கூலியையும் இழந்தான்.

இப்பஞ்சத்தின் நினைவு மறையாத மாவட்டங்களிலிருந்தே பின்னர்க் கங்காணிமார் ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து கெடாவுக்கு வந்தனர். 1909இல் சயாமின் மேலாதிக்கம் நீங்கி ஆங்கிலேயரின் ஆதரவுக்குள் கெடா வந்தபின், தென் கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. இந்தியத் தொழிலாளரின் ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. ஆயின் சட்டம் நீக்கிய கட்டைத் தோட்டத்தின் அன்றாட நடைமுறை வேறு வழியில் காத்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, கிராணியின் செக்ரோலில் பெயர் விழுந்தாலன்றி அன்றைய கூலி இல்லை. நிருவாகம் முன்கூட்டித் தந்த அரிசியின் விலை சம்பள நாளன்று அக்கூலியில் கழிக்கப்பட்டது. ஒரு முரணை இங்குச் சுட்டுதல் தகும். கெடா நாட்டின் நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்ற மாநிலம். ஆயினும் அதன் தென்பகுதித் தோட்டங்களில் தமிழர் உண்டது பெரும்பாலும் இரங்கூனிலிருந்து வந்த புழுங்கலரிசியே.

எனவே 1918இன் இறுதியில் பர்மா அரிசியின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மலாயா முழுவதும் நெருக்கடி உண்டாயிற்று. அரசு நட்டத்தை ஏற்று அரிசி வாங்கி விற்றது. தோட்டங்களும் தம் ஆள்களுக்குக் குறைந்த விலையில் அரிசி தந்தன. கூலியை உயர்த்துவதினும் இது முதலாளிகளுக்கு ஏற்றதாயிருந்தது எனலாம். உயர்த்திய கூலியைப் பின்னர்க் குறைப்பது எளிதன்று. சலுகை அரிசியையோ எப்போது வேண்டுமாயினும் நிறுத்தலாம். மேலும் அவ்வரிசி தோட்டத்தில் பெயருள்ளவருக்கே உரியது. தோட்டத்தை விட்டு நீங்குவோர் அதையும் விட்டே நீங்க வேண்டும்.

1930இல் தொடங்கிய பொருளாதார மந்தம் வேலை நிபந்தனையின் மெய்யான இயல்பை வெளிப்படுத்திற்று. ரப்பர் விலை வீழ்ந்தது, முதன்மைப் பகுதிகளில் ஆடவர்க்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாயிற்று, ஆட்குறைப்பு தொடர்ந்தது. இப்போது வேலை செய்ய மறுத்தவர் எவருமிலர், வேலைதான் இல்லை. உழைக்க முன்வந்தும் வேலை கிடைக்காதவருக்கு உணவளிக்கும் கடமையைத் தோட்டங்கள் ஏற்கவில்லை. மாறாக, 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை தேறியதும் 1934இல் உதவிபெற்ற குடியேற்றம் மீண்டும் தொடங்கிற்று. சோம்பலைக் களையவே வேலை நிபந்தனை என்று கூறுவோர் இவ்விரு ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும். இடையில் மாறியது ரப்பரின் விலையேயன்றித் தொழிலாளியின் குணம் அன்று.

சப்பானியர் ஆட்சியில் இப்பிணைப்பு கொடுமையின் எல்லையைத் தொட்டது. ரப்பருக்குச் சந்தை இல்லை; இறக்குமதி அரிசி அருகிற்று; மரவள்ளிக்கிழங்கே தோட்ட மக்களின் சோறாயிற்று. அந்நிலையில் கூலியும் உணவும் தருவதாகச் சொல்லியும், அது பலிக்காதபோது வலிந்து பிடித்தும், சயாம் – பர்மா இரயில் பாதைக்கு ஆள் சேர்த்தனர். 415 கிலோ மீட்டர் நீண்ட அப்பாதையில் பல்லாயிரம் மலாயாத் தமிழர் மாண்டனர். பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதே மாதத்தில் கெடாவின் ஆட்சியும் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆடவரை இழந்த லயங்களில் பெண்களும் குழந்தைகளும் உழைப்பதற்கு ஆளின்றி, அதனாலேயே உணவுக்கும் வழியின்றி நின்றனர்.

போருக்குப் பின்னும் அரிசிப் பற்றாக்குறை நீடித்தது. 1947இல் பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் எழுந்த கிளர்ச்சியைக் கள்ளுக்கடை எதிர்ப்பாகவே காண்பது மரபு. ஏ. எம். சாமியின் தலைமையிலான தொண்டர் படை கள்ளை எதிர்த்தது உண்மை. எனினும் போதாக் கூலியும் போதா அரிசியுமாக வாழ்ந்த மக்களின் எழுச்சி என்னும் கோணத்தையும் ஆய்வாளர் மறத்தலாகாது. இதற்கு நேர்மாறான முயற்சி ஒன்றும் கெடாவிலேயே தோன்றியது. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளத் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், முதன்முதலாக வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தையே. வேலையும் கூரையும் ஒருசேரப் பறிபோவதைத் தடுக்கத் தொழிலாளரே உரிமையாளராதல் அதன் வழி.

அவ்வழி எல்லாருக்கும் வாய்க்கவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையினர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டை விட்டு வெளியேறினர். வேலைக்குத் தாளும், தாளுக்குக் குடியுரிமையும் தேவைப்பட்டன. உழைக்க விரும்பியோரைச் சட்டமே உழைக்க விடாது தடுத்தது.

இன்றைய நிலை வேறு. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயது நிறைந்த மலேசியக் குடிமக்கள் அனைவருக்கும் ரஹ்மா அடிப்படை உதவியாக 100 ரிங்கிட் ஒருமுறை வழங்கப்பட்டது. மைகார்டைக் காட்டி அரிசி முதலிய அடிப்படைப் பொருள்களை வாங்கிக்கொள்ள முடிந்தது. இதற்கு வேலை நிபந்தனை ஏதும் இருக்கவில்லை. பெரட்டுக் களத்தில் நின்றவரின் பேரப்பிள்ளைகள் சுங்கைப் பட்டாணிக் கடைகளில் எவ்வேலையையும் சான்று காட்டாமல் அரிசி வாங்கினர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தரவுகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்று, வேலை நிபந்தனையால் உதவி பெறுவோர் தொகை பெரிதும் குறைந்ததேயன்றி வேலைவாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை எனக் கண்டது. கெடாவின் அனுபவம் அம்முடிவோடு ஒத்துச் செல்கிறது. ஆயினும் இவ்வுதவிக்கு மைகார்டு வேண்டியிருந்தது. தோட்டத்திலேயே பிறந்து, பிறப்புப் பதிவின்றியோ சிவப்பு அட்டையுடனோ முதுமையடைந்தோர்க்கு அது கிட்டவில்லை. அவருள் பலர் பல்லாண்டுக் காலம் பால் வெட்டியவர்கள்; செக்ரோலில் அவர்தம் பெயர் நாள்தோறும் இருந்தது.