136, 142, 152: குறி திரும்பும் கணக்கு

பெரியது எது, சிறியது எது என்னும் வினா, குறை எண்கள் உள்ளே வரும்வரை எளியதே. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம் என்றும் வழங்கி, கடனைக் கடனால் பெருக்கினால் தனம் வரும் என்று விதி வகுத்தார். ஐந்து ரூபாய் கடன்பட்டவனைவிடப் பத்து ரூபாய் கடன்பட்டவன் வறியவன் அல்லவா? ஆகவே −10 என்பது −5ஐவிடச் சிறியது. 10 > 5 என்பதன் இருபுறத்தையும் −1ஆல் பெருக்கினால் குறி திரும்பி −10 < −5 ஆகிறது.

இந்தக் குறிகள் அச்சேறியது 1631இல், தாமஸ் ஹாரியட் மறைந்து பத்தாண்டுகள் கழித்து வெளிவந்த நூலில். 1667இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் அர்னோ ஓர் ஐயம் எழுப்பினார்: −1க்கும் 1க்கும் உள்ள விகிதம், 1க்கும் −1க்கும் உள்ள விகிதத்திற்குச் சமம் என்கிறார்களே, சிறியது பெரியதற்கு எப்படியோ, அப்படியே பெரியது சிறியதற்கு என்பது எங்ஙனம் பொருந்தும்? மிகை எண்களில் பழகிய வரிசையைக் குறை எண்களும் காக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பே அந்தத் தடுமாற்றத்தின் வேர். குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் வரிசை தலைகீழாகும் என்று ஒப்புக்கொண்டால் முரண் இல்லை.

இந்த விதியைக் கம்பம் பள்ளத்தாக்கு வேறொரு வடிவில் அறியும். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 152 அடி. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979இல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. கேரளம் சட்டத்திருத்தம் செய்து அதைத் தடுத்தது. 2014 மே 7இல் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தைச் செல்லாதென்று அறிவித்து 142ஐ உறுதிசெய்தது.

கூடலூர், கம்பம் வயல்களிலிருந்து பார்ப்பவருக்கு 142 > 136, ஆறடி ஆதாயம். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் இருப்பவர் 152இலிருந்து நீர்மட்டத்தைக் கழித்துப் பார்க்கிறார்: 10 < 16, ஆறடி இழப்பு. கழித்தல் என்பது −1ஆல் பெருக்கிக் கூட்டுவதுதானே. குறி திரும்பியே தீரும். இருவர் கணக்கிலும் பிழையில்லை.

ஆனால் எஞ்சும் பத்தடி போதுமா என்பதை அசமன்பாடு சொல்லாது. அது சுவரின் வலிமையையும் வெள்ளத்தின் அளவையும் ஆராய்ந்து விடை காணவேண்டிய கேள்வி. அதை ஆராயவே உச்ச நீதிமன்றம் 2010இல் நீதியரசர் ஆனந்த் தலைமையில் குழு அமைத்தது. எதிர்ப்பக்கத்தார் கணக்குத் தெரியாதவர் என்று நினைக்கும்வரை, அந்தக் கேள்வியை இரு கரையினரும் சேர்ந்து கேட்கப்போவதில்லை.