ஒகேனக்கல்லில் ஆற்றின் பங்கு

பண்டு தகடூர் எனப்பெற்ற தருமபுரிப் பகுதியில், பல ஊர்களின் நிலத்தடி நீர் புளோரைடு மிக்கது. பற்களிற் கறையும் எலும்புகளில் ஊனமும் விளைப்பது. ஆதலின், 1998-இல் நடுவணரசு இசைந்த 1.4 டி.எம்.சி. காவிரி நீரை ஒகேனக்கல்லிலிருந்து கொணரும் திட்டம் 2013-இல் தொடங்கப்பெற்றது.

ஆற்றுக்கும் ஒரு பங்கு உண்டென்பதைப் பலர் நோக்குவதில்லை. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி. ஒதுக்கிற்று; பிப்ரவரி முதல் மே வரை திங்கள்தோறும் 2.5 டி.எம்.சி. பிலிகுண்டுலுவைக் கடத்தல் வேண்டும் என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அப்பத்தினைக் குறைத்திலது. பிலிகுண்டுலுவுக்குக் கீழேயுள்ளது ஒகேனக்கல். எனவே, கோடையில் மாந்தர் பருகுவது ஆற்றின் உயிர்க்கென விட்ட நீரையே.

ஆண்டளவைச் சமமாகப் பகுப்பின், அந்நான்கு திங்களிற் குழாய் கொள்வது அரை டி.எம்.சி.க்கும் குறைவு. ஆதலின் இடர் குழாயின் அளவால் வருவதன்று, ஒழுக்கு வாராமையால் வருவதே என்பது எம் துணிபு. திங்களுக்கு 2.5 டி.எம்.சி. என்பது நொடிக்கு ஏறத்தாழ 960 கன அடி. 2024 ஏப்ரலிலோ ஒகேனக்கல்லில் ஒழுக்கு சில நூறு கன அடியாகச் சுருங்கிற்று. மீனும் குழாயும் பகிர்ந்துகொண்டவை அவையே.