ஒரே மலை, இரண்டு சோதனைகள்

ஒரு ராஜா. தன் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆசைப்பட்டார். எண்ணினார். 70 ஆயிரம் பேர் செத்துப்போனார்கள்.

என்ன இது, மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு என்கிறீர்களா? பைபிளின் பழைய ஏற்பாட்டில் இருக்கிற கதைதான். ராஜாவின் பெயர் தாவீது. சின்னப் பையனாக இருந்தபோது கோலியாத்தைக் கவண்கல்லால் அடித்து வீழ்த்தினாரே, அவரேதான். இஸ்ரேலின் சிம்மாசனத்தில் ஏறி, எதிரிகளை எல்லாம் அடக்கி, சற்றே கால் நீட்டி உட்கார்ந்த காலத்தில்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. சண்டைக்கு ஆகும் ஆண்கள் மொத்தம் எத்தனை பேர்?

தளபதி யோவாபுக்கே இது பிடிக்கவில்லை. வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தார். ராஜா கேட்கவில்லை. 9 மாதம் 20 நாள் நாடு முழுக்கச் சுற்றி, கணக்கோடு திரும்பினார் யோவாப். இஸ்ரேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம்.

கணக்கு கைக்கு வந்ததும் தாவீதுக்கு மனசு உறுத்தியது. கடவுளை நம்பிய காலம் போய், தலைகளை எண்ணி நம்ப ஆரம்பித்துவிட்டோமே என்கிற உறுத்தல் என்று பின்னால் வந்த உரைகாரர்கள் விளக்கம் சொல்வார்கள். அதற்குள் தீர்க்கதரிசி காத் வாசலில் வந்து நின்றார். மூன்று தண்டனைகளில் ஒன்றை நீயே பொறுக்கிக்கொள். பஞ்சமா, மூன்று மாதம் எதிரிக்குப் பயந்து ஓடுவதா, மூன்று நாள் கொள்ளைநோயா? மனிதர் கையில் விழுவதைவிடக் கடவுள் கையிலேயே விழுகிறேன் என்றார் தாவீது. கொள்ளைநோய் வந்தது.

போகட்டும். நமக்கு வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பொல்லாத யோசனையை தாவீதின் மண்டைக்குள் போட்டது யார்?

பைபிளில் இந்தச் சம்பவம் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டாம் சாமுவேல், 24-ம் அதிகாரம். அங்கே பதில் தெளிவாக இருக்கிறது: கடவுள். அவருக்கு இஸ்ரேல் மீது கோபம். அதனால் தாவீதைத் தூண்டிவிட்டார். முதலாம் நாளாகமம், 21-ம் அதிகாரம். அங்கேயும் பதில் தெளிவு: சாத்தான்.

ஒரே ராஜா. ஒரே கணக்கெடுப்பு. ஒரே கொள்ளைநோய். தூண்டியவர் மட்டும் வேறு.

எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது. நாளாகமம் எழுதியவர் சாமுவேல் புத்தகத்தை எதிரில் வைத்துக்கொண்டே எழுதினார் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் பொதுவான முடிவு. அப்படியென்றால் தெரிந்தே மாற்றியிருக்கிறார். ஏன்?

சாமுவேல் புத்தகம் இன்றைய வடிவத்துக்கு வந்தது ஏறத்தாழ கி.மு. 6-ம் நூற்றாண்டில். நாளாகமம் எழுதப்பட்டது அநேகமாக கி.மு. 4-ம் நூற்றாண்டில். இடையில் நடந்தது சாதாரண விஷயமல்ல. கி.மு. 586-ல் பாபிலோனியர்கள் ஜெருசலேமைத் தரைமட்டமாக்கினார்கள். கோயில் எரிந்தது. ஜனங்களைக் கைதிகளாக ஓட்டிக்கொண்டு போனார்கள். கி.மு. 539-ல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். அதன் பிறகே வீடு திரும்ப வழி பிறந்தது.

ஊரையே பறிகொடுத்து அந்நிய மண்ணில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தூக்கம் வராது. கேள்விதான் வரும். நல்லதும் கெட்டதும் அவரிடமிருந்தே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, சரி. ஆனால் ஒருவனைத் தப்பு செய்யத் தூண்டிவிட்டு, செய்த தப்புக்குத் தண்டனையும் தருகிறவரை எப்படிக் கடவுள் என்று கும்பிடுவது?

அந்தக் கேள்வி முற்றிய காலத்தில்தான் சாத்தானின் உருவம் துலங்க ஆரம்பித்தது. எபிரேய மொழியில் சாத்தான் என்றால் எதிராளி, குற்றம் சாட்டுகிறவன் என்று அர்த்தம். யோபு, சகரியா புத்தகங்களில் அது ஒரு பதவியின் பெயர் மாதிரிதான் வருகிறது. கடவுளின் சபையில் ஒரு அரசு வக்கீல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நாளாகமத்தில் அதுவே ஓர் ஆளின் பெயராகிவிடுகிறது என்று பலர் வாசிக்கிறார்கள். நன்மைக்கு ஒரு சக்தி, தீமைக்கு ஒரு சக்தி என்று பேசிய பாரசீக மதத்தின் சாயல் இதில் உண்டா என்று அறிஞர்கள் இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கதையின் முடிவுக்கு வாருங்கள். கொள்ளைநோய் ஒரு களத்துமேட்டில் வந்து நின்றது. நெல்லடிக்கிற மாதிரி அங்கே கோதுமை அடிக்கிற களம். அந்த இடத்தை தாவீது விலைகொடுத்து வாங்கிப் பலிபீடம் கட்டினார். அவர் மகன் சாலமோன் பிற்பாடு கோயில் கட்டியதும் அதே இடத்தில்தான் என்கிறது நாளாகமம். அந்த மலைக்கு ஒரு பெயரும் சொல்கிறது: மோரியா.

எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா?

ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிகொடுக்க அழைத்துக்கொண்டு போன இடம் மோரியா தேசத்து மலை. இன்று பொன்னிறக் கூரையோடு நிற்கிற பாறைக் குவிமாடம் கி.பி. 691-92 வாக்கில் எழுந்ததும் பழைய கோயில் இருந்த அந்த மேட்டில்தான். ஆபிரகாம் கதையை முஸ்லிம்கள் பக்ரீத் அன்று நினைவுகூர்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்பிக்கைப்படி அந்த மகன் இஸ்மாயில்.

ஆதியாகமம் 22-ம் அதிகாரம் முதல் வரியிலேயே விஷயத்தை உடைத்துவிடுகிறது. கடவுள் ஆபிரகாமைச் சோதித்தார். எபிரேயத்தில் 'நிஸ்ஸா'. ஒன்றைப் பரீட்சித்துப் பார்ப்பது. இது பரீட்சை என்று வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆபிரகாமுக்குத் தெரியாது. மூன்று நாள் நடை. விறகு மகனின் தோளில். நெருப்பும் கத்தியும் அப்பாவின் கையில்.

ரொம்பக் கொடூரமாக இல்லையா? கொடூரம்தான். ஆனால் அந்தக் காலத்தையும் பாருங்கள். மோவாப் நாட்டு ராஜா மேசா, போரில் தோற்கும் நிலை வந்தபோது தன் மூத்த மகனைக் கோட்டைச் சுவரின் மேலேயே பலியிட்டான் என்கிறது இரண்டாம் இராஜாக்கள் புத்தகம். மேசா கற்பனைப் பாத்திரம் அல்ல. அவன் வெட்டிவைத்த கல்வெட்டு 1868-ல் ஜோர்டானில் கிடைத்தது. இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூதாவின் ராஜாக்களிலேயே ஆகாசும் மனாசேயும் பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்தவர்கள் என்கிறது பைபிள். பிள்ளையைக் கேட்கிற தெய்வம் அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. கத்தியை ஓங்கிய கையைத் தடுத்து, புதரில் ஓர் ஆட்டுக்கடாவைக் காட்டிய தெய்வம்தான் புதிது.

அப்படியும் பின்னால் வந்தவர்களுக்கு மனசு ஆறவில்லை. கி.மு. 2-ம் நூற்றாண்டில் 'யூபிலிகள்' என்றொரு யூத நூல் எழுதப்பட்டது. அதன் பிரதித் துண்டுகள் சாக்கடல் பக்கத்து கும்ரான் குகைகளில் கிடைத்தன. முழு நூல் எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் தப்பிப் பிழைத்தது. அதில், ஆபிரகாமைச் சோதித்துப் பாரும் என்று கடவுளிடம் போட்டுக்கொடுக்கிறவன் 'மஸ்தேமா' என்கிற துஷ்ட ஆவிகளின் தலைவன்! தாவீது கதையில் நாளாகமம் செய்ததையே இந்த நூல் ஆபிரகாம் கதையில் செய்தது.

ஆக, மோரியாவில் இரண்டு பேர் சோதனையைச் சந்தித்தார்கள். இரண்டும் ஒன்றா?

அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் போதும். கிரேக்க மூலத்தில் இரண்டு தொழில்களின் வார்த்தைகள் அதில் வருகின்றன. விசுவாசத்தின் பரீட்சையைப் பற்றிப் பேசும்போது, உலோகத்தின் தரம் பார்ப்பதற்குச் சொல்கிற வார்த்தை. நம் நகை ஆசாரி உரைகல்லில் உரைத்துப் பார்ப்பாரே, அந்த வேலை. ஆசையால் இழுபட்டு விழுவதைப் பேசும்போது, இரை வைத்துப் பிடிப்பதற்குச் சொல்கிற வார்த்தை. அதாவது தூண்டில் புழு.

உரைகல்லை எடுக்கிற ஆசாரி, இது தங்கமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். தூண்டில் போடுகிறவன் மீன் ஏமாந்தால்தான் ஆச்சு என்று நினைக்கிறான். தங்கத்துக்கும் வலிக்கும், மீனுக்கும் வலிக்கும். வலியை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. எதிரே நிற்பவர் நாம் ஜெயிக்க வேண்டும் என்று விரும்புகிறாரா, தோற்க வேண்டும் என்று விரும்புகிறாரா? பைபிள் மரபு கடைசியில் வந்து சேர்ந்தது இந்தக் கேள்விக்குத்தான். பாலைவனத்தில் 40 வருஷம் இஸ்ரவேலரை அலைக்கழித்ததற்கு உபாகமம் சொல்கிற காரணமும் இதுவே. உங்களைச் சோதித்து, முடிவில் உங்களுக்கு நன்மை செய்யத்தான்.

சில நேரம் ஒரே சம்பவத்திலேயே இரண்டும் இருக்கும். இயேசுவை வனாந்தரத்துக்கு அழைத்துப்போனது ஆவியானவர் என்கிறது மத்தேயு. அங்கே போனதும் கல்லை அப்பமாக்கச் சொல்லித் தூண்டில் போட்டது பிசாசு. இடம் ஒன்று, 40 நாள் பசி ஒன்று. நோக்கம் இரண்டு.

சரி, இவ்வளவு தெளிவாக இருந்தால் குழப்பம் எங்கே வந்தது? மொழியில்.

கி.மு. 3-ம் நூற்றாண்டு தொடங்கி அலெக்சாந்திரியாவில் யூத வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், 'நிஸ்ஸா'வுக்கு 'பெய்ராசோ' என்று போட்டார்கள். அந்த வினைச்சொல்லுக்குப் பரீட்சிப்பது என்றும் அர்த்தம், பாவத்துக்கு இழுப்பது என்றும் அர்த்தம். லத்தீனில் 'தென்தாத்சியோ'. அதுவும் அப்படித்தான். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிள் ஆபிரகாமைக் கடவுள் 'டெம்ப்ட்' செய்தார் என்றே அச்சடித்தது. அந்தக் கால ஆங்கிலத்தில் பரீட்சிப்பதையும் அந்த வார்த்தை குறித்தது. ஆனால் அதே பைபிளில் யாக்கோபு நிருபத்தைப் புரட்டினால், கடவுள் யாரையும் 'டெம்ப்ட்' செய்வதில்லை என்று இருக்கும். 1885-ல் வந்த திருத்திய பதிப்பில்தான் ஆபிரகாம் கதையில் வார்த்தையை மாற்றினார்கள். தமிழ் பைபிளிலோ இரண்டு இடத்திலும் 'சோதனை' குடும்பத்து வார்த்தைதான்.

இந்தக் குழப்பத்தின் உச்சம், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம். கிரேக்க மூலத்தை அப்படியே பெயர்த்தால், எங்களைச் சோதனைக்குள் கொண்டுபோகாதேயும் என்று வரும். அப்படியென்றால் கொண்டுபோகிறவர் அவரா? ஆரம்பத்திலேயே பலருக்கு இது தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது. கி.பி. 200 வாக்கில் கார்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், கொண்டுபோகப்பட விடாதேயும் என்பதுதான் இதன் பொருள் என்று விளக்கினார். 258-ல் தலை வெட்டப்பட்டு இறந்த பிஷப் சிப்ரியன் ஜெபத்தையே அப்படித்தான் எழுதினார். சோதிக்கப்படுவது வேறு, சோதனைக்குள் இழுத்துச் செல்லப்படுவது வேறு என்று பிரித்துக் காட்டினார் அகஸ்டின்.

17 நூற்றாண்டுகள் கழித்தும் அந்த முள் இறங்கவில்லை. 2017 டிசம்பர் 3-ம் தேதி முதல் பிரான்ஸில் கத்தோலிக்கர்கள் அந்த வரியை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். சில நாளில் போப் பிரான்சிஸ் இத்தாலியத் தொலைக்காட்சியில் விஷயத்தைப் போட்டு உடைத்தார். விழுகிறவன் நான், எப்படி விழுகிறேன் என்று பார்ப்பதற்காகத் தள்ளிவிடுகிறவர் அவர் இல்லை, எந்தத் தகப்பனும் அப்படிச் செய்வதில்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம். 2020 நவம்பரில் இத்தாலியிலும் புது வரி வந்தது. ஜெர்மன் ஆயர்கள் பழைய வரியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள்.

நம்மூர் சங்கதி தெரியுமா? தமிழ்க் கத்தோலிக்கர்கள் இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்வது, 'விழவிடாதேயும்'. ஸ்பானிய, போர்ச்சுக்கீசிய ஜெபங்களிலும் அதே தொனி. புராட்டஸ்டன்ட் தமிழ் பைபிளில் இருப்பது, 'உட்படப்பண்ணாமல்'. அடுத்தடுத்த தெருவில் இருக்கிற இரண்டு கோயில்களில், உலகமே அடித்துக்கொள்கிற இரண்டு பதில்களும் ஞாயிறுதோறும் சத்தமில்லாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றன!

வார்த்தைச் சண்டைதானே, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஒரு வீட்டில் குழந்தை சீக்காகிப் படுத்திருக்கும். வேலை போயிருக்கும். பார்க்கப் போகிறவர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கடவுள் உங்களைச் சோதிக்கிறார் என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டு வருவார். கேட்பவர் காதில் அது எப்படி விழும்? உரைகல்லாகவா, தூண்டிலாகவா?

யோபுவின் கதை இதற்காகவே எழுதினதுபோல இருக்கிறது. ஒரே நாளில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த மனிதர். மேலே கடவுளின் சபையில் சாத்தான் அவர் விழுவார் என்கிறான். கடவுள், நிற்பார் என்கிறார். யோபுவுக்கு அந்தப் பேச்சுவார்த்தை கடைசிவரை தெரியாது. மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள், ஏழு ராத்திரி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டாவது நாள் பேச்சு ஆரம்பித்தது. இது ஏன் வந்தது, எந்தப் பாவத்துக்கு வந்தது என்று ஆளுக்கொரு விளக்கம். புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவை அல்ல. கூச்சல் போட்டு, சபித்து, நியாயம் கேட்ட அந்த மனிதரை அவர் ஏற்றுக்கொண்டார். விளக்கம் சொன்ன மூன்று பேரிடம், போய் யோபுவை எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அந்த ஏழு நாளோடு அவர்கள் எழுந்து போயிருக்கலாம்.