வீட்டுக் குளிர்பெட்டியின் தெர்மோஸ்டாட்: வரலாறும் பழுதுநீக்கமும்

தெர்மோஸ்டாட் என்பது குளிர்பெட்டிக்குள் குளிர் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதைத் தானாக முடிவுசெய்யும் சிறிய மின்விசை. தமிழில் இது வெப்பநிலைப்படுத்தி எனப்படும். பேச்சிலும் பழுதுபார்க்கும் கடைகளிலும் தெர்மோஸ்டாட் என்ற பெயரே வழங்குகிறது. குளிரை உண்டாக்குவது கம்ப்ரசர். அது எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட் தீர்மானிக்கிறது.

குளிரை விலைக்கு வாங்கிய காலம் போய், வீட்டிலேயே அளவாக வைத்துக்கொள்ளும் காலம் வந்ததில் இச்சிறு பாகத்துக்குப் பெரும் பங்குண்டு. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் போன்ற ஊரகப் பகுதிகளில் ஒரு பழைய குளிர்பெட்டி வீட்டில் தொடர்வதும் காயலான் கடைக்குப் போவதும் பல நேரங்களில் இதன் பழுதைச் சரியாகக் கண்டறிவதைப் பொறுத்தே அமைகிறது.

பனிக்கட்டியின் காலம்

தென்னிந்தியாவுக்கு வணிகச் சரக்காகப் பனிக்கட்டி கடல் வழியே வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலில் அனுப்பினார். அவருடைய முதல் இந்தியச் சரக்கு 1833-இல் கல்கத்தாவை அடைந்தது. புறப்படும்போது சுமார் 180 டன் இருந்த பனிக்கட்டியில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இந்த வணிகத்துக்கான கிடங்கே. பின்னாளில் சுவாமி விவேகானந்தர் 1897-இல் அங்குத் தங்கியதால் அக்கட்டடம் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. எந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் 1870-களில் இந்தியாவில் தோன்றியதும் கப்பல் பனிக்கட்டி வணிகம் நொடித்தது.

இந்தப் பனிக்கட்டி ஐரோப்பியர், வசதி படைத்தோர், மருத்துவமனைகள் ஆகியோருக்கே எட்டியது. சிற்றூர்கள் குளிர் இல்லாமலேயே உணவைக் காத்துவந்தன. மீன் உப்பிட்டுக் கருவாடானது. பால் திரும்பத் திரும்பக் காய்ச்சப்பட்டது, மிஞ்சியது தயிரானது. இரவுச் சோறு நீரூற்றப்பட்டுக் காலையில் பழைய சோறானது. மாவு அன்றன்றைக்கு அரைக்கப்பட்டது.

கட்டுப்பாட்டின் வரலாறு

பனிக்கட்டி எப்போதும் உருகும் வெப்பநிலையிலேயே இருப்பதால் அதற்குக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை. எந்திரம் அப்படியல்ல. நிறுத்தாவிட்டால் அது குளிர்வித்துக்கொண்டே போகும். ஆகவே எந்திரக் குளிர் வீட்டுக்குள் வருவதற்கு, வெப்பத்தை உணர்ந்து தானே செயல்படும் கருவி ஒன்று வேண்டியிருந்தது.

இக்கருத்து குளிர்பெட்டியை விடப் பழையது. டச்சு நாட்டவரான கார்னேலிஸ் டிரெபெல் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டை பொரிக்கும் அடுப்பின் வெப்பத்தைத் தானாகச் சீராக்கும் அமைப்பை உருவாக்கினார். ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் 1830-இல் இரு உலோகப் பட்டைகளின் வேறுபட்ட விரிவைப் பயன்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். தெர்மோஸ்டாட் என்ற பெயரைத் தந்தவர் அவரே. அமெரிக்கப் பேராசிரியர் வாரன் ஜான்சன் 1883-இல் அறை வெப்பத்தை உணர்த்தும் மின் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

வீட்டுக் குளிர்பெட்டியில் இது நுழைந்தது முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி. கெல்வின் பிரபுவின் பெயரைத் தாங்கிய கெல்வினேட்டர் நிறுவனம் 1918-இல் விற்ற பெட்டி, தானியங்கிக் கட்டுப்பாடு கொண்ட முதல் வீட்டுக் குளிர்பெட்டியாகக் குறிப்பிடப்படுகிறது. ஆள் அருகிலிருந்து கவனிக்காமலே இரவு முழுதும் குளிர் ஒரே அளவில் நிற்கும் என்ற நிலை அதன் பிறகே வந்தது.

அமைப்பும் செயலும்

ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டியில் உள்ள தெர்மோஸ்டாட்டுக்கு மூன்று உறுப்புகள் உண்டு: மெல்லிய நீண்ட குழாய், அதன் முனையோடு இணைந்த துருத்தி, துருத்தி தள்ளும் மின்தொடுகை. குழாய்க்குள் சிறிதளவு வாயு அடைக்கப்பட்டிருக்கும். குழாயின் மறுமுனை ஃபிரீசர் தகட்டோடு ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். தகடு சூடேறும்போது வாயுவின் அழுத்தம் கூடி, துருத்தி விரிந்து, மின்தொடுகை மூடும். உடனே கம்ப்ரசர் ஓடும். தகடு போதிய அளவு குளிர்ந்ததும் அழுத்தம் குறைந்து தொடுகை விலகும், கம்ப்ரசர் நிற்கும்.

ஓடத் தொடங்கும் வெப்பநிலைக்கும் நிற்கும் வெப்பநிலைக்கும் இடையே வேண்டுமென்றே ஓர் இடைவெளி வைக்கப்படுகிறது. அது இல்லாவிட்டால் கம்ப்ரசர் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடிக் கெட்டுவிடும். குமிழைத் திருப்பும்போது உள்ளே ஒரு சுருள்வில்லின் இறுக்கம் மாறுகிறது. நிற்கும் வெப்பநிலை அதற்கேற்ப ஏறும் அல்லது இறங்கும். பல இந்திய மாடல்களில் குமிழின் நடுவே உள்ள பொத்தான், படிந்த பனி உருகும்வரை கம்ப்ரசரை நிறுத்திவைப்பது.

தெர்மோஸ்டாட் குழாயில் உள்ள வாயு வேறு, குளிர்பெட்டியைக் குளிர்விக்கும் வாயு வேறு. இவ்வேறுபாடு தெரியாததால் தெர்மோஸ்டாட் பழுதும் ‘கேஸ் போய்விட்டது’ என்றே எண்ணப்படுவதுண்டு.

இந்தியாவிலும் புதுச்சேரியிலும்

இந்தியாவில் குளிர்பெட்டித் தயாரிப்பு 1958-இல் கோத்ரெஜ் நிறுவனத்தால், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கியது. பின்னர் கெல்வினேட்டர், ஆல்வின் பெயர்களும் நடுத்தர வீடுகளில் பரவின. வரிவிதிப்பில் நெடுங்காலம் ஆடம்பரப் பொருளாகவே கருதப்பட்டதால், ஒருமுறை வாங்கிய பெட்டியை இருபது, முப்பது ஆண்டுகள் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் வழக்கம் வேரூன்றியது. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் தொழிற்பயிற்சி நிலையங்களில் குளிர்பதன மெக்கானிக் பிரிவும் ஏற்பட்டது. அங்குப் பயின்றவர்களும், கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றவர்களுமே இத்தொழிலைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றனர்.

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியின் 1880-ஆம் ஆண்டு ஆணையால் கொம்யூன்களாக அமைந்தவை. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்த பின்னும் கொம்யூன் என்ற அமைப்பு தொடர்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூரில் ஏரிப் பாசனத்தோடு ஆழ்குழாய்க் கிணறுகளும் மிகுதி. பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் நேரத்தில் ஊரக மின்பாதைகளில் மின்னழுத்தம் தாழ்வதுண்டு. தாழ்ந்த மின்னழுத்தத்தில் கம்ப்ரசர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். தெர்மோஸ்டாட் தொடுகைகள் தீப்பொறியால் கருகும், சில நேரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நரம்பை, பன்னித்திட்டு போன்ற கடலோரச் சிற்றூர்களில் உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கிறது.

மின்னழுத்தச் சிக்கலே தென்னிந்தியாவில் ஸ்டெபிலைசர் தொழிலை வளர்த்தது. கொச்சியில் 1977-இல் தொடங்கிய வி-கார்டு நிறுவனம் அதன் எடுத்துக்காட்டு. மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் காத்திருந்து இணைப்புத் தரும் வசதி கொண்ட ஸ்டெபிலைசர்கள், கம்ப்ரசர் உள்ளழுத்தம் தணியுமுன் ஓடத் திணறுவதைத் தடுக்கின்றன.

புயல்கள் மற்றொரு காரணம். 2011 டிசம்பர் 30-இல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் மேல் மழை பெய்தது. அடுத்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களில் புகுந்தது. நீரில் மூழ்கிய பெட்டிகளில் கம்ப்ரசர் மூடிய கலத்துக்குள் இருப்பதால் தப்பிவிடலாம். வெளியே இருக்கும் ரிலே, இணைப்புக் கம்பிகள், மின்தொடுகைகள் ஆகியவையே முதலில் கெடும்.

பழுதும் மாற்றமும்

தெர்மோஸ்டாட் இரு வகையில் கெடும். குழாயில் நுண்வெடிப்பு ஏற்பட்டு வாயு கசிந்தால் தொடுகை மூடாது, கம்ப்ரசர் ஓடாது, பெட்டி சூடாகும். தொடுகைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். மின்கட்டணம் ஏறும், கீழ்த்தட்டில் உள்ள காய்கறியும் உறையும். நீரிழிவு உள்ளவர் இருக்கும் வீட்டில் இரண்டாம் பழுதே ஆபத்தானது. பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும். உறைந்த இன்சுலின் உருகிய பின் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படுத்தத் தக்கதல்ல.

பழுதை உறுதிசெய்யப் பயிற்சி பெற்றவர் செய்யும் சோதனை எளியது. மின்னிணைப்பைத் துண்டித்து, தெர்மோஸ்டாட்டின் இரு கம்பிகளை நேரடியாக இணைத்து, மீண்டும் மின்சாரம் தருவார். கம்ப்ரசர் ஓடிப் பெட்டி குளிர்ந்தால் குறை தெர்மோஸ்டாட்டில் உள்ளது. ஓடாவிட்டால் ரிலே, ஓவர்லோடு, கம்ப்ரசர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடியும் குளிராவிட்டால்தான் கேஸ் பற்றிய ஐயம் எழும். இச்சோதனையைத் தவிர்த்து நேராகக் கேஸ் ஏற்றுவதும் கம்ப்ரசரை மாற்றுவதும் சில நூறு ரூபாயில் முடியும் வேலையைப் பல ஆயிரம் ரூபாய்ச் செலவாக்கும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. கம்பிகள் எந்த முனையில் இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய தெர்மோஸ்டாட் பழையதன் வெப்பநிலை வரம்போடு ஒத்திருக்க வேண்டும். குளிர்பெட்டிக்கு உரியதை, மைனஸ் 18 டிகிரியில் இயங்கும் டீப் ஃபிரீசரில் பொருத்தினால் உணவு உறையாது. குழாயை மடிக்காமல், பழைய இடத்திலேயே தகட்டோடு ஒட்டிச் செருக வேண்டும். குழாய் விலகியிருந்தால் புதிய தெர்மோஸ்டாட்டும் தவறாகவே அளக்கும். முடிந்த பின் ஒரு தம்ளர் நீரில் வெப்பமானியை வைத்து, மறுநாள் பார்ப்பது நம்பகமான சோதனை.

வாயு மாற்றம் இவ்வேலையில் புதிய எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தது. பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே விலக்கப்பட்டது. இந்தியா அதில் 1992-இல் இணைந்தது. இன்று பல பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது, ஆனால் தீப்பற்றக்கூடியது. கசிவு இருக்கும் பெட்டிக்குள் தொடுகையின் சிறு பொறியும் விபத்தாகலாம். எனவே இத்தகைய பெட்டிகளில் அதற்கென உருவாக்கப்பட்ட மூடிய வகைத் தெர்மோஸ்டாட்டையே பொருத்த வேண்டும்.

தடுப்பூசியும் குளிரும்

வீட்டில் தெர்மோஸ்டாட் பழுதானால் பாலும் மாவும் வீணாகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது ஊரின் குழந்தைகளைத் தொடும். 1985-இல் இந்தியாவில் பொதுத் தடுப்பூசித் திட்டம் தொடங்கிய பின், பனிக்கட்டிச் சுவர் கொண்ட குளிர்பெட்டியும் டீப் ஃபிரீசரும் ஊரக நிலையங்களுக்கு வந்தன. மின்சாரம் நின்றாலும் முதல் வகைப் பெட்டி பல மணி நேரம் குளிரைத் தாங்கும். ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகள் உறைந்தால் பயனற்றுப்போகும். அதனால் மிகைக் குளிரும் குறைக் குளிரைப் போலவே குற்றமாகும். நாளுக்கு இருமுறை வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதும் நடைமுறை, தெர்மோஸ்டாட்டை முழுமையாக நம்பிவிடக் கூடாது என்ற பட்டறிவிலிருந்து வந்தது.

இன்றைய நிலை

1990-களின் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் சந்தை மாறியது. டி.வி.எஸ். குழுமத்தோடு இணைந்து புதுச்சேரியில் சலவை எந்திர ஆலையைத் தொடங்கிய வேர்ல்பூல், 1995-இல் கெல்வினேட்டர் இந்தியாவை வாங்கியது. பனி படியாத பெட்டிகளிலும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் பெட்டிகளிலும் வாயுக் குழாய்க்குப் பதிலாக மின்னணு உணரியும் சர்க்யூட் பலகையும் வேலை செய்கின்றன. இவை துல்லியமானவை. ஆனால் பலகை கெட்டால் அந்த மாடலுக்குரிய பலகையே வேண்டும். ஊர்க்கடையில் கிடைக்கும் பொதுப் பாகம் பயன்படாது.

உதிரிப் பாகங்களும் பழுதுநீக்கும் தகவலும் நுகர்வோருக்குக் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்க உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. ஒற்றைக் கதவுப் பெட்டிகள் ஊரக வீடுகளில் இன்னும் மிகுதியாகப் பயன்படுவதால், குழாய்த் தெர்மோஸ்டாட்டும் அதை மாற்றத் தெரிந்த மெக்கானிக்கும் இன்றும் தேவைப்படுகின்றனர்.