ஜெர்மானிய வம்சாவளி ஆராய்ச்சி

ஜெர்மன் பாஷை வழங்கும் தேசத்தில் பிறந்தோரின் முன்னோரைத் தேவாலயப் பதிவேடுகள், அரசாங்கப் பதிவுகள், கப்பற் பிரயாணிகளின் ஜாபிதாக்கள் ஆகிய ஆதாரங்களைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கண்டறிவது ஜெர்மானிய வம்சாவளி ஆராய்ச்சி எனப்படும். 1871-இல் ஜெர்மன் சாம்ராஜ்யம் ஸ்தாபிக்கப்படும் வரையில் அத்தேசம் பிரஷ்யா, பவேரியா, வூர்ட்டம்பர்க், பாடன் எனப் பல ராஜ்யங்களாகவும் சிற்றரசுகளாகவும் பிரிந்து கிடந்தபடியால், முழுவதற்கும் பொதுவான பழைய பதிவகம் ஏதும் ஏற்படவில்லை. ஆகவே மூதாதை எந்த ஊரார் என்பது தெரிந்தாலன்றி ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. அமெரிக்காவில் குடியேறியோரைப் பற்றி அந்நாட்டுக் குடிமதிப்பு ஏடுகளிலோ பெரும்பாலும் ‘பிரஷ்யா’ என்பதுபோல் ராஜ்யத்தின் பெயருக்கு மேல் ஒன்றும் இராது. 1850 முதல் 1934 வரையிலான ஹாம்பர்க் துறைமுகத்து ஜாபிதாக்கள் பிரயாணி கடைசியாக வசித்த ஊரைக் குறிப்பிடுவதால் இத்தறுவாயில் பேருதவி புரிகின்றன. பிரேமன் துறைமுகத்து ஏடுகளிற் பெரும்பாலானவை அழிந்துபோயின.

இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி தேவாலயப் பதிவேடுகளே. 1563-இல் டிரெண்ட் மகாசபை விவாகங்களைப் பதிந்து வைக்கும்படி கத்தோலிக்கக் குருமாருக்குக் கட்டளையிட்டது. புராட்டஸ்டண்ட் பிரிவினரான லூத்தரன் சபையாரின் சில ஊர்களிலோ அதற்கு முன்பே பதிவுகள் தொடங்கிவிட்டன. ஆயினும் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டு யுத்தத்தில் கிராமங்களும் கோயில்களும் தீக்கிரையானபடியால், பல ஊர்களில் ஏடுகள் அந்த யுத்தத்திற்குப் பின்னரே ஆரம்பமாகின்றன. அரசரையும் பிரபுக்களையும் மட்டுமே சரித்திரம் பேசிய காலத்தில், கொல்லர், நெசவாளர், உழவர் ஆகியோரின் ஜனன மரணங்களை ஒன்று விடாது எழுதிவைத்த அக்கிராமப் பாதிரிமாருக்கு உலகம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

ஞானஸ்நானப் பதிவொன்றில் குழந்தையின் பெயரும், தந்தையின் பெயரும் தொழிலும், தாயின் பிறந்தகத்துப் பெயரும், ஞானப்பெற்றோரின் பெயர்களும் பொதுவாகக் காணப்படும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவினராதலால், வேறெங்கும் அகப்படாத அத்தை மாமன்மாரை அவ்வொரு வரி காட்டிக்கொடுப்பதுண்டு. சில பதிவுகளின் அருகே சிறு சிலுவை ஒன்று வரையப்பட்டிருக்கும். அது அக்குழந்தை பின்னர் இறந்துவிட்டதைக் குறிப்பது. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கும் சூட்டும் வழக்கம் அக்காலத்தில் இருந்தமையால், அச்சிலுவையைக் கவனியாதவர் சிசுப்பருவத்தில் மாண்ட ஒருவனைத் தம் பாட்டனாக எழுதிவிட நேரும். கத்தோலிக்க ஏடுகள் பலவும் லத்தீனில் உள்ளன. ஜெர்மன் பதிவுகளோ ‘e’ என்னும் எழுத்தும் ‘n’ என்னும் எழுத்தும் ஏறக்குறைய ஒரே வடிவாகத் தோன்றும் பழைய கூட்டெழுத்தில் அமைந்தவையாதலால், அவற்றைப் படிக்கத் தனிப் பயிற்சி அவசியம்.

பெயர்களை நம்பிச் செல்வது அபாயகரம். சில வீடுகளில் ஆண்பிள்ளைகள் அனைவரும் யோஹான் என்றே ஞானஸ்நானம் பெற்று, இரண்டாம் பெயரால் அழைக்கப்பட்டனர். வெஸ்ட்பேலியாவில் குடும்பப் பெயர் மனிதனை அன்றிப் பண்ணையையே சார்ந்து நின்றது. பண்ணைக்கு உரியவளை மணந்து அங்கே குடியேறியவன் அப்பண்ணையின் பெயரை ஏற்றுக்கொண்டமையால், உடன்பிறந்தோர் இருவர் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு வாழ்ந்து மடிந்தனர். கிழக்கு பிரீஸ்லாந்திலோ தந்தையின் பெயரே மகனுக்கு அடுத்த பெயராகித் தலைமுறைதோறும் மாறிவந்தது. 1811-இல் நெப்போலியனின் ஆணை நிலையான பெயரை வற்புறுத்திய பின்னும் அவ்வழக்கம் உடனே மறையவில்லை.

ரைன் நதியின் மேற்கரையில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ் 1798 முதலும், பிரஷ்யாவில் 1874 அக்டோபர் முதலும், சாம்ராஜ்யம் முழுவதிலும் 1876 ஜனவரி முதலும் அரசாங்கப் பதிவு நடைமுறைக்கு வந்தது. இன்றைய சட்டப்படி பிறப்புப் பதிவுகள் 110 ஆண்டுகளும், விவாகப் பதிவுகள் 80 ஆண்டுகளும், மரணப் பதிவுகள் 30 ஆண்டுகளும் கழிந்த பின்னரே பொதுமக்களின் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன.

1933-க்குப் பின் நாஜி அரசாங்கம் ஆரிய வம்சத்திற்கு அத்தாட்சி கேட்டு, இந்தத் தேவாலய ஏடுகளையே யூத வம்சத்தவரைப் பிரித்தறியும் கருவியாக்கியது. அன்பினால் எழுதப்பட்ட ஞானஸ்நான வரிகளுக்கு நேர்ந்த இக்கொடுமையைக் கூறாது விடுதல் நியாயமன்று. இன்று புராட்டஸ்டண்ட் ஏடுகளை ஆர்க்கியோன் தளத்திலும், கத்தோலிக்க ஏடுகளை மாட்ரிகுலா தளத்திலும் பெருமளவில் காணலாம். எனவே ஊரோடு முன்னோரின் சபையையும் அறிந்திருத்தல் வேண்டும். சிறுபான்மைச் சபையாருக்குச் சொந்தக் கோயில் இல்லாத ஊர்களில் அவர்களுடைய பதிவுகள் மாற்றுச் சபையின் ஏட்டிலேயே இருக்கக்கூடுமாதலால், இரண்டையும் புரட்டிப் பார்ப்பதே உசிதம்.